அத்தையையும் அலாஸ்காவுக்குக் கூட்டிப் போகலாமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். மகன் அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில் வேலையில் இருக்கிறான். வருகிற ஜூனில் குடும்பத்தோடு கப்பலில் அலாஸ்கா போய் வரலாம் என்று கூப்பிடுகிறானாம். "எங்க அத்தைக்கு 76 வயசு. சர்க்கரை இருக்கு, முழங்கால் வலி இருக்கு. 'நான் எம்மக வீட்டுல இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க'ங்கறாங்க. விட்டுட்டுப் போனா மனசு கேட்காது. கூட்டிட்டுப் போகவும் பயமா இருக்கு. நீங்க உங்க அத்தையோட போயிட்டு வந்தீங்களே, கூட்டிட்டுப் போகலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்.

ஒரே வார்த்தை என்றால், போகலாம்.

ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பேனாவை மூடிவிட்டால் நான் பாவியாவேன். 2024 ஜூனில் எங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய், பனிக்கட்டி மிதக்கும் குடா ஒன்றின் நடுவே, என் கவனக்குறைவால் ஓர் அரை மணி நேரம் பட்ட பாடு இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆகவே சகோதரி, மீதியையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில், அலாஸ்கா என்றதும் வடதுருவம், எஸ்கிமோ, பனிக்கரடி என்று மிரள வேண்டியதில்லை. 1867-ல் ருஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிய பிரதேசம் அது. 1959-ல் 49-ஆவது மாநிலமாயிற்று. மாநிலம் மிகப் பெரியது; கப்பல் போவதோ அதன் தென்கிழக்கு வால் பகுதிக்கு மட்டும். அங்கே கரையை ஒட்டி நூற்றுக்கணக்கான தீவுகள். அந்தத் தீவுகளின் இடுக்கில், ஆற்றில் போவதுபோல் கப்பல் போகிறது. இரண்டு பக்கமும் ஊசியிலைக் காடு, அதற்கு மேலே பனிமலை. கோடையில் பகலில் 10 முதல் 18 டிகிரி வரை இருக்கும். நம் கொடைக்கானல் டிசம்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியாற்றின் அருகே போகும்போதுதான் ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கும்; காற்றும் வெட்டும்.

முதியவர்களுக்கு இந்தப் பயணம் ஒத்துவருவதற்கு ஒரே காரணம்தான். பெட்டியை ஒரு தடவை பிரித்து அடுக்கினால் போதும். ஊர்கள்தான் நம்மைத் தேடி வருகின்றன. பஸ் ஏறி, ஓட்டல் மாறி, மாடிப்படி ஏறி இறங்குகிற பாடில்லை. கழிப்பறை பத்தடி தூரத்தில். நடக்க முடியாத நாளில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் மலையும் அருவியும் தானாக நகர்ந்து போகும். காசியும் ராமேசுவரமும் போவதைவிட இது உடம்புக்குச் சுலபம் என்று எங்கள் அத்தையே சொன்னார்கள்.

ஆனால் அவர்களைக் கூட்டிப் போவதாக முதலில் யோசனையே இல்லை. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அத்தைக்கு அப்போது 79. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. நாங்கள் மூன்று பேரும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போயிருந்தோம். "அம்மாவை ஒரு வாரம் யாராவது தெரிஞ்சவங்க வீட்டுல விட்டுட்டுப் போலாம். அந்தக் குளிர் அவங்களுக்குத் தாங்காது" என்று என் கணவர் ராத்திரி மெதுவாகச் சொன்னார். நானும் சரி என்றேன். மரச்சுவர் வீடு, பேச்சு அடுத்த அறைக்குக் கேட்கும். மறுநாள் காலையில் அத்தை காபி டம்ளரை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஏம்மா, அந்தக் கப்பல்ல வயசானவங்களுக்கு டிக்கெட் குடுக்க மாட்டாங்களோ?" என்றார்கள்.

அதற்குப் பிறகு வேறு பேச்சு உண்டா? ஏழு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று: அத்தை, நாங்கள் இருவர், மகன், மருமகள், ஆறு வயதுப் பேரன், இரண்டு வயதுப் பேத்தி.

இனி காகித விஷயம். சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்குகிற கப்பல்தானே, அமெரிக்க விசா போதாதா என்று நினைப்பீர்கள். போதாது. 1886-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு அங்கேயே இறக்க வேண்டுமானால், இடையில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரிய கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள். அதனால் கடைசி நாள் சாயங்காலம் கனடாவில் விக்டோரியா என்ற ஊரில் சில மணி நேரம் நிற்கும். அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் கனடா விசாவும் எடுக்க வேண்டும். அமெரிக்க விசாவும் பல தடவை நுழையக் கூடியதாக இருக்க வேண்டும். மகன் கிரீன் கார்டுக்காரன், அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே அவனுக்கு ஞாபகம் வராது. நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். டிக்கெட் போடுமுன் செய்யுங்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். நாங்கள் ஊரிலிருந்து புறப்படும்போது ஒரு கம்பெனியில் எடுத்திருந்தோம். தடித்த எழுத்தில் இருந்ததையெல்லாம் படித்தோம். பொடி எழுத்தில் "முன்பே உள்ள நோய்களுக்குப் பொருந்தாது" என்று இருந்ததை யாரும் படிக்கவில்லை. அத்தையின் சர்க்கரைக்கு இருபத்தைந்து வயது. அது முன்பே உள்ள நோய் இல்லாமல் வேறென்ன? கப்பலில் டாக்டரும் நர்ஸும் உண்டு. கட்டணமும் உண்டு, அதுவும் அமெரிக்கக் கணக்கில். நிலைமை மோசமானால் ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், அந்தச் செலவு சொத்தை விற்கிற செலவு. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பழைய நோய் திடீரென்று முற்றினால் பார்த்துக்கொள்கிற பாலிஸியாகப் பார்த்து எடுங்கள். மருந்துச் சீட்டுகளை டாக்டரிடம் ஆங்கிலத்தில், மருந்தின் பொதுப் பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கம்பெனிப் பெயர் சொன்னால் அங்கே தெரியாது.

மாத்திரையும் ஊசியும் கைப்பையில் இருக்கட்டும். கப்பல் ஏறும் அன்று பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சாயங்காலம் ஆறு ஏழு மணிக்குத்தான் கேபின் வாசலுக்கு வரும். இன்சுலினுக்குக் குளிர் நல்லது என்று நினைத்து வெளிப் பையில் வைத்துக்கொண்டு மேல்தளத்தில் நிற்காதீர்கள். உறைந்துவிட்டால் அது தண்ணீருக்குச் சமம். ரவிக்கைக்கு உள்பக்கம் ஒரு பை தைத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

துணி பற்றி. ஒரே தடிமனான கோட்டு வேண்டாம். அடுக்கடுக்காகப் போட வேண்டும். அத்தை புடவையை விடமாட்டேன் என்றுவிட்டார்கள். நான் வற்புறுத்தவும் இல்லை. உள்ளே உடம்போடு ஒட்டிய இன்னர் மேல்சட்டையும் கால்சட்டையும், அதன்மேல் புடவை, முழுக்கை ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே முழங்கால் தாண்டித் தொங்கும் மழைக் கோட்டு. தலைக்கு மங்கி குல்லாய். பேரன் அதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தான். மறுநாள் தனக்கும் ஒன்று கேட்டான்! பருத்தி பனியன் வியர்வையிலும் மழையிலும் நனைந்தால் உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளியோ, செயற்கை நூலோ மேல்.

கால் விஷயத்தில் மட்டும் தனியாக ஒரு வார்த்தை. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஷூ கடித்தாலும் தெரியாது, விறைத்தாலும் தெரியாது. கம்பளி சாக்ஸ் போட்டு அளவு பார்த்துத்தான் ஷூ வாங்க வேண்டும். குளிர்கிறதே என்று வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைத்துவிடாதீர்கள், கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். ராத்திரி படுக்குமுன் அத்தையின் பாதத்தை விரலிடுக்கு உட்பட நான் விளக்கடியில் பார்ப்பேன். "எங்க மாமியார் என் காலைத் தொட விட்டதே இல்ல. நீ என்னடான்னா..." என்று கூச்சப்படுவார்கள்.

சின்ன பிளாஸ்டிக் கெட்டில் ஒன்று வாங்கிப் போயிருந்தேன், ராத்திரி வெந்நீர் போட. ஏறும்போதே எக்ஸ்ரேயில் பார்த்துப் பிடுங்கிக்கொண்டார்கள். கேபினில் சூடேறும் சாதனம் எதுவும் கூடாது. தீப்பிடித்தால் நடுக்கடலில் எங்கே ஓடுவது, நியாயம்தானே. சீட்டுக் கொடுத்து, கடைசி நாள் திருப்பித் தந்தார்கள். கேபினைக் கூட்டிப் பெருக்கும் பையனிடம் சொன்னால் தெர்மாஸில் வெந்நீர் வரும். வீட்டில் சமைத்ததைக் கொண்டு போக விடுவதில்லை. கடையில் வாங்கிய, மூடி பிரிக்காத பருப்புப் பொடி, ஊறுகாய், தட்டை பரவாயில்லை.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் தலைமைப் பரிசாரகரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால், மறுநாள் இரவு சைவமாக, இந்தியச் சமையலாகவே செய்து தருகிறார்கள். எங்கள் மேஜைக்கு மங்களூர்க்காரர் ஒருவர் அமைந்தார். இரண்டாம் நாளிலிருந்து அத்தைக்குத் தயிரும் குழைந்த சாதமும் கேட்காமலே வந்தது. பயம் வேறு இடத்தில். எந்நேரமும் திறந்திருக்கும் பஃபே! நாற்பது வகை கேக்கும் ஐஸ்கிரீமும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். என் கணவர் அங்கேயே குடியிருந்தார். இன்னொன்று: நிறையப் பேர் ஒரே கரண்டியைத் தொடுகிற இடம் அது. கப்பல்களில் வாந்தி பேதிக் கிருமி பரவுவது உண்டு. கையில் தேய்க்கிற மருந்துத் திரவத்துக்கு அந்தக் கிருமி சரியாகச் சாவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி. குழந்தைகளை விடாமல் விரட்டிக் கழுவ வைத்தோம்.

தீவுகளின் இடுக்கில் போகும்போது கப்பல் ஆடுவதே தெரியாது. ஆனால் சியாட்டிலிலிருந்து புறப்பட்டதும் ஒரு நாள் திறந்த கடல். அன்றைக்கு மருமகள் எழுந்திருக்கவே இல்லை. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுத்தால் ஆட்டம் குறைவு. வயிறு காலியாக இருக்கக் கூடாது. காய்ந்த பிஸ்கோத்து, பச்சை ஆப்பிள், இஞ்சி இவைதான் கப்பல்காரர்களே கொடுக்கும் வைத்தியம். தலைசுற்றல் மாத்திரையும் கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கொண்டுவரும். கண் அழுத்த நோயோ, நீர் பிரிவதில் தடையோ உள்ள முதியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். அத்தைக்கு ஒன்றும் செய்யவில்லை. சுக்கைத் தட்டி வாயில் அடக்கிக்கொண்டு, "பெரியாஸ்பத்திரிக்குப் போற டவுன் பஸ்ஸைவிட இது ஆடலை" என்றார்கள்.

மூன்றாம் நாள் ஜூனோ. மாநிலத் தலைநகர்; ஆனால் வெளியூரிலிருந்து அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று 2024-லிருந்து வரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு பாடம் கிடைத்தது. அந்தக் கரையில் கடல் ஒரு நாளில் ஆள் உயரம் மூன்று மடங்குகூட ஏறி இறங்குகிறது. நீர் வற்றிய நேரத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே போடுகிற பாலம் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். சக்கர நாற்காலியோடு போன எங்களை, "இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள்" என்றுவிட்டார்கள். முதல் நாளே வரவேற்பு மேஜையில் கேட்டிருந்தால் நேரம் சொல்லியிருப்பார்கள்.

அங்கே மெண்டன்ஹால் பனியாறு இருக்கிறது. நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், பஸ்ஸிலேயே போகலாம். 1962-ல் கட்டிய பார்வையாளர் கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கட்டிய நாளில் இருந்ததைவிடப் பனி இப்போது ஏரிக்கு அப்பால் வெகுதூரம் ஒதுங்கிவிட்டது. அழகுதான். ஆனால் அந்த அழகுக்குக் கீழே குடியிருக்கிறவர்கள் பாடு வேறு. மலைமேல் ஒரு பள்ளத்தில் உருகிய நீர் தேங்கி, 2011-லிருந்து வருஷாவருஷம் பனிக்கு அடியில் உடைத்துக்கொண்டு இறங்குகிறது. நாங்கள் திரும்பி இரண்டே மாதத்தில், 2024 ஆகஸ்டில், ஒரே ராத்திரியில் சுமார் 300 வீடுகளில் தண்ணீர் புகுந்தது. செய்தியில் பார்த்தபோது அத்தை, "நாம பஸ்ல போனோமே, அந்தத் தெருவாம்மா?" என்று கேட்டார்கள். அந்த வழியாகத்தான் போயிருந்தோம்.

ஸ்காக்வேயில் மலை ரயில். 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்த மூன்றடி அகலப் பாதை. இருபது மைலுக்குள் 2,865 அடி ஏறுகிறது, ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் இல்லாமலே. கணப்பு உள்ள பெட்டி, சக்கர நாற்காலியை ஏற்ற வசதி. அத்தைக்கு இதுதான் பிடித்த நாள். அந்த ரயில் தங்க வேட்டைக்காகப் போட்டது. 1897, 98-ல் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த மலையைத் தாண்டிக் கனடாவுக்குள் ஓடினார்கள். ஒரு வருஷத்துக்கான சாமான், ஆளுக்குச் சுமார் ஒரு டன், கையோடு கொண்டுவந்தால்தான் எல்லைப் போலீஸ் உள்ளே விடும். ஹாரியட் புல்லன் என்ற அம்மாள் 1897-ல் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியே இந்த ஊரில் வந்து இறங்கினார். கையில் ஏழு டாலர் என்று சொல்வார்கள். ஆப்பிள் பை சுட்டு விற்றார். பிறகு குதிரை வண்டியில் மலைமேல் சாமான் ஏற்றினார். கடைசியில் பெரிய ஓட்டலுக்கே சொந்தக்காரியானார். தங்கம் தேடிப் போன ஆண்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்!

ஐந்தாம் நாள்தான் கிளேசியர் பே, அதாவது பனியாற்றுக் குடா.

விடிகாலையில் தேசியப் பூங்கா அதிகாரிகள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. அந்தப் பிரதேசத்தில் ஜூனில் ராத்திரி பத்து மணிக்கு அஸ்தமனம், நாலு மணிக்கு மறுபடி சூரியன். திரையை இழுத்து மூடாவிட்டால் தூக்கம் போய்விடும். எங்களுக்குப் போய்விட்டது. எல்லோரும் ஆறு மணிக்கே எழுந்து, "இடம் போயிடும், இடம் போயிடும்" என்று அடித்துப் பிடித்து மேல்தளத்துக்கு ஓடினோம். பின்னால்தான் தெரிந்தது, கப்பல் பனியாற்றின் முன்னே மெதுவாக வட்டமடித்துத் திரும்பும், இரண்டு பக்கத்தாரும் பார்க்கலாம், ஓடவே வேண்டியதில்லை.

அத்தை வழக்கம்போல் ஏழரைக்கு ஊசி போட்டுக்கொண்டார்கள். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். மருமகள் கொடுத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் கொடுத்திருப்பேன் என்று அவள் நினைத்தாள். அத்தையோ, நம்மால் இவர்கள் காத்திருக்க வேண்டாம் என்று வாயே திறக்கவில்லை. சக்கர நாற்காலியில் போர்வையோடு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டோம். மிதக்கும் பனிக்கட்டிகளின் மேல் கடல்நாய்கள் குட்டிகளோடு படுத்திருந்தன. எல்லோரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பதே கால் இருக்கும். அத்தையின் கை நடுங்கியது. குளிருகிறது என்று என் ஷாலையும் எடுத்துப் போர்த்தினேன். இன்னும் நடுங்கியது. என் கணவர் தன் மேல்கோட்டையும் போர்த்தினார். பேரன்தான், "பாட்டி, பெரிய பாட்டி மூஞ்செல்லாம் தண்ணியா இருக்கு" என்றான். குல்லாயைத் தூக்கிப் பார்த்தேன். ஆறு டிகிரிக் குளிரில் நெற்றி நிறைய வியர்வை. "அத்தை!" என்றேன். என்னைப் பார்த்து, "பஸ் வந்திருச்சா?" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது குளிர் நடுக்கம் இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. சோதனைக் கருவியை எடுத்தால் எண்ணுக்குப் பதில் கோளாறுக் குறி காட்டியது. அந்தக் கருவிகள் பத்து டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது என்பது அதன் கூடவே வந்த காகிதத்தில் இருக்கிறது. யார் படித்தார்கள்? எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. பேரன் கையிலிருந்த ஆப்பிள் ஜூஸைப் பிடுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். விழுங்க முடிந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். மகன் நர்ஸைக் கூட்டிவர ஓடினான். உள்ளே கூடத்துக்குக் கொண்டுபோய்க் கருவி சூடானதும் பார்த்தால், ஜூஸ் குடித்த பிறகும் 58.

பிறகு மருத்துவ அறை. இன்னொரு தம்ளர் ஜூஸ், கால் மணி கழித்து மறுபடி சோதனை, அப்புறம் ரொட்டியும் பாலும். முக்கால் மணியில் அத்தை தெளிந்து எழுந்து, "என்னாச்சு? எல்லாரும் ஏன் இங்க நிக்கிறீங்க? மலை போயிருமே!" என்றார்கள். மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

சகோதரி, இதைக் கத்தரித்துப் பெட்டி மூடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். குளிரில் நடுங்குகிறவருக்கு வியர்க்காது. நடுக்கத்தோடு வியர்வையும், பொருந்தாத பேச்சும் சேர்ந்தால் அது சர்க்கரைக் குறைவு. சிலவகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கம்கூட வராது, வியர்வை மட்டும் வரும். நினைவு இருக்கிறவருக்கு உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ, அரை டம்ளர் பழச்சாறோ கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்து, தேவையானால் மறுபடி கொடுக்க வேண்டும். சாக்லேட் அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது, அதில் கொழுப்பு இருக்கிறது. நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. டாக்டர்தான்.

நாங்கள் மறுபடி மேலே வந்தபோது கப்பல் மார்ஜரி பனியாற்றின் முன் நின்றது. 21 மைல் நீளம், ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேலே சுமார் 250 அடி உயரச் சுவர். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நீலம்! நெருங்கி இறுகிய பனி, ஒளியில் சிவப்பைக் குடித்துவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறதாம். சுவரிலிருந்து ஒரு வீடளவு கட்டி சத்தமே இல்லாமல் சரிந்தது. தண்ணீர் எழும்பிய பிறகுதான், ஒன்றிரண்டு விநாடி கழித்து, இடி வந்தது. அத்தை கைகூப்பினார்கள்.

1794-ல் வான்கூவரின் கப்பல்காரர்கள் இந்த வழியே வந்தபோது இங்கே குடாவே இல்லை. வாய் வரைக்கும் பனி அடைத்திருந்தது. 1879-ல் ஜான் முயர் வந்தபோது 30 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916-க்குள் 65 மைல். அதற்கு முந்தைய கதையைக் கப்பலில் கிளிங்கிட் இனத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் சொன்னார். அவர்களுடைய ஊர் அங்கேதான் இருந்தது. வயசுக்கு வந்த ஒரு பெண்ணை, நம் ஊரில் செய்வதுபோலவே, தனியே உட்கார வைத்திருந்தார்கள். அவள் பொழுது போகாமல், நாயைக் கூப்பிடுவதுபோல் பனியைக் கூப்பிட்டுவிட்டாள். பனி வந்தேவிட்டது. எல்லோரும் படகில் ஏறிக் கிளம்பும்போது ஒரு கிழவி, "நான் வயசானவ, நான் இருந்துக்கறேன். சின்னவங்க போங்க, வம்சம் தழைக்கணும்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அந்தப் பெண்ணே தங்கிவிட்டாள் என்றும் சொல்வதுண்டாம். 2016-ல் அந்தக் குடாவின் கரையில் அவர்கள் மறுபடி ஒரு குலவீடு கட்டியிருக்கிறார்கள்.

மகன் இதைத் தமிழில் அத்தைக்குச் சொன்னான். அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கிழவி சாப்பிட்டாளா?" என்று கேட்டார்கள்.

அன்று ராத்திரி மருமகள் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுக் கேபின் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பெயர். யார் பெயரோ, அவர் அத்தையோடு உட்கார்ந்து அவர்கள் முதல் கவளம் எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பேரனுக்கும் மூன்று வேளை. அலாஸ்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும், அதையும் மேலே எழுதினாள். மறுநாள் கெட்சிகனில் நானும் அத்தையும் இறங்கவில்லை. சென்னையில் வருஷத்துக்கு 140 சென்டிமீட்டர் மழை என்றால் அங்கே 350-க்கு மேல். அன்றும் கொட்டியது. மற்றவர்கள் குலமரபுத் தூண்களைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் ஜன்னலோரம் பல்லாங்குழி ஆடினோம். எனக்கு வருத்தமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். யாராவது ஒருவர் ஒரு நாள் தங்க வேண்டியிருக்கும்; அது எப்போதும் ஒரே ஆளாக இருந்துவிடாமல் முன்கூட்டியே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரும் அந்தப் பங்கில் சேர்த்திதான்.

கப்பல் டாக்டர் கொடுத்த பில்லில் நம் ஊரில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி, எதிர்பார்த்தபடியே, கையை விரித்தது. அது போக, நாளொன்றுக்கு ஆளுக்குப் பதினைந்து இருபது டாலர் ஊழியர் அன்பளிப்பு என்று தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. டிக்கெட் விலையைப் பார்த்து மகன் சொல்லும் தொகையோடு இதையும் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சகோதரி, உங்கள் அத்தையின் ஊசி எந்த வகை, எத்தனை வேளை என்று எழுதவில்லையே. அதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கனடா விசாவுக்கு இந்த வாரமே மனுப் போடுங்கள். மங்கி குல்லாய் அங்கே கிடைக்காது, இங்கேயே இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைப் பேரப்பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வார்கள்.